நிரந்தரச் சேகரிப்பில் ஒரு காலை வணக்கம்

தாய்லாந்தின் சாம் பிரான் ஊரில் இருந்த நெசவாலையை மூடிய பிறகு அதில் வேலை பார்த்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். கணவன் செத்தவர்கள், கணவனை விரட்டியவர்கள், கணவனே வேண்டாமென்று இருந்தவர்கள். பெற்ற பிள்ளைகள் பாங்காக்கில் ஏதோ ஒரு மாடியில் இருந்தார்கள், அல்லது இருப்பதாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு வாடகை அறை, ஆளுக்கொரு மின்விசிறி, ஆளுக்கொரு கைப்பேசி. இவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது 'தறிக்கூட்டம்' என்ற கைப்பேசிக் குழு ஒன்றுதான்.

குழுவுக்கு ஒரே சட்டம். பிட்சைக்கு வரும் பிக்குகள் தெருவைக் கடந்து போவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு காலை வணக்கப் படம் போட்டுவிட வேண்டும். திங்கள் என்றால் மஞ்சள் பூ, செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு ஆரஞ்சு, வெள்ளிக்கு நீலம். பூவின் மேல் 'நோயற்று வாழ்க' என்று மினுமினுக்கும் எழுத்து. படம் வராவிட்டால், பக்கத்தில் இருக்கிற ஆள் எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒரு வியாழக்கிழமை சலோ அம்மாளின் ஆரஞ்சுப் பூ வரவில்லை. ஆலையில் காவல்காரராக இருந்த பிரசெர்ட் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்தால், மனுஷி குளியலறையில் இடுப்பொடிந்து கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். பூப்படம் அனுப்புகிற கிழங்கள் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். உயிரோடு இருக்கிறேன் என்று தினமும் யாரிடமாவது சொல்ல வேண்டிய வயது அவர்களுக்கும் வராமலா போகும்?

குழுவில் கைராசிக்காரி லமாய். தோன்புரிப் பக்கம் ஒரு சந்தில் வாழைப்பழம் சுட்டு விற்பவள். அவள் படத்தில் ரோஜா இருக்கும், ரோஜாவின் மேல் தாமரை, தாமரைக்குள் காப்பிக் கோப்பை, கோப்பைக்குள் இரண்டு பூனைக்குட்டிகள். ஒன்றும் அவள் எடுத்ததில்லை. எங்கெங்கிருந்தோ வந்ததை வெட்டி ஒட்டுவாள். "பூ யாரு வீட்டுப் பூவா இருந்தா என்ன, காலையில பாத்தா மனசு நெறஞ்சா சரி" என்பாள்.

அவளுடைய புதன்கிழமைப் பூனை எப்படியோ குழுவைத் தாண்டி வெளியே போய்விட்டது. யாரோ ஒரு பையன் 'நோயற்று வாழ்க' என்பதை அழித்துவிட்டு 'வேலையற்று வாழ்க' என்று எழுதினான். அதைப் பார்த்து இன்னொருத்தி பூனைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். பிறகு சட்டைகளில் வந்தது, வணிக வளாகத்துச் சுவரில் வந்தது, தேர்தல் வேட்பாளர் ஒருவரின் சுவரொட்டியிலும் வந்தது. லமாய்க்கு இது எதுவும் தெரியாது. தேசிய மின்கலை நிறுவனத்துக்குத் தெரிந்தது. இணையத்தில் நாலு பேர் சிரித்தால் அது கிண்டல். நாடே சிரித்தால் அது பண்பாடு, அதைக் கவனிக்க ஓர் அலுவலகம் வேண்டும், அலுவலகத்துக்கு ஓர் இயக்குநர் வேண்டும், இயக்குநருக்கு ஒரு கார் வேண்டும்.

நிறுவனத்திலிருந்து மிண்ட் என்று ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டில் படித்தவள், உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். படத்தை வரைந்தது யார் என்று மாதக்கணக்கில் தேடி அலைந்தாளாம். வாழைப்பழ அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டுக் கைகூப்பினாள். லமாய் பதறிப்போய்த் தானும் கும்பிட்டாள்.

"பெரியம்மா, இந்தப் பூனை எள்ளலா, பக்தியா?"

"பூனைக்குட்டிம்மா."

மிண்ட் அதை எழுதிக்கொண்டாள். "இந்த மங்கல் எப்படி வரவழைச்சீங்க? எங்க ஆளுங்க எவ்வளவோ முயற்சி பண்ணியும் வரல."

"நான் எங்க வரவழைச்சேன்? பல பேரு கை மாறி வந்த படம். தேஞ்சு போயிருக்கும், துவைச்ச பாவாடை மாதிரி."

மிண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதோட மூலப் படம் எங்க இருக்கு பெரியம்மா?"

"அழிச்சிட்டேன். போன்ல எடமில்ல."

மிண்ட் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு, மறுவாரம் கார் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் வந்தது. நிறுவனம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் லமாய் ஓரடி பின்வாங்கினாள், ஏனென்றால் எதிர்ச்சுவரில் அவளுடைய பூனைக்குட்டி வீடு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பூனையைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? அதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'நெருங்காதீர்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

மிண்ட் அவளுக்கு மங்கல் பிரிவைக் காட்டினாள். அங்கே அதிகாரிகள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் ஒரு தெளிவான பூப்படத்தைக் கைப்பேசியில் அடுத்த ஆளுக்கு அனுப்புவார். அவர் வாங்கிச் சேமித்து, கையெழுத்திட்டு, அடுத்தவருக்கு அனுப்புவார். இப்படியே வரிசை முழுக்கப் போய்க் கடைசியில் பிரிவுத் தலைவரிடம் வரும். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், மாட்டிப் பார்ப்பார். மங்கல் போதாது என்றால் படம் மறுபடி முதல் மேசைக்குப் போகும். போன மாதம் ஒரு படம் பூவென்று அடையாளம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக வந்துவிட்டதாம். சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"இதையெல்லாம் எங்க குழுவுல சும்மா பண்ணுவோமே" என்றாள் லமாய்.

"அதான் பெரியம்மா பிரச்சினையே. சும்மா பண்றதுக்கு நிதி ஒதுக்க முடியாது."

விழா மண்டபத்தில் இயக்குநர் அஜான் பூரிபட் காத்திருந்தார். அஜான் என்றால் ஆசிரியர். அவர் யாருக்கும் எதுவும் கற்பித்ததாகத் தகவல் இல்லை, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வந்திருந்த அத்தனை பெரியவர்களையும் பதவி வரிசைப்படி விளித்து முடிக்கவே ஒரு குவளைத் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு பேசினார்.

"இணையம் ஒரு குப்பைமேடு. அதில் மாணிக்கம் கிடைக்கும் என்று முதலில் சொன்னவன் நான். கோடிக்கணக்கான மக்கள் தினமும் படம் செய்கிறார்கள், அனுப்புகிறார்கள், சிரிக்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இந்த அவலத்தை இனியும் சகிக்க முடியாது. மக்கள் கலையை மக்களிடமிருந்து காப்பாற்றுவதே இந்த நிறுவனத்தின் நோக்கம்."

கைதட்டினார்கள். அஜான் வெண்கலச் சேகண்டியை அடித்தார். லமாய்க்கு 'இணைய மரபின் தாய்க் கலைஞர்' என்று ஒரு பட்டயமும், கையெழுத்திட ஒரு கற்றைத் தாளும் கொடுத்தார்கள். இனிமேல் அவள் படங்களை யாருக்கும் கண்டபடி அனுப்பக்கூடாது. அனுப்ப அனுப்ப மதிப்புக் குறையும். நிறுவனமே தக்கபடி வெளியிடும். லமாய் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அஜான், காலையில படம் போயிருமில்ல? போகலன்னா எங்க ஆளுங்க கதவைத் தட்ட வந்துருவாங்க. அதுதான் எங்களுக்கு உசுரு இருக்குதான்னு பாக்குற வழி."

"என்ன அழகான கருத்து" என்றார் அஜான், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து. பிறகு லமாயிடம் குனிந்தார். "கண்டிப்பா போகும். இனிமே அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." அவள் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து பேசினால் வேறென்ன செய்வது?

நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை. படம் போனது. முதலில் வண்ணக் குழு பார்த்து, பூக் குழு பார்த்து, விலங்குக் குழு பூனையின் நலம் பாதிக்கப்படவில்லை என்று சான்று கொடுத்து, மங்கல் பிரிவு மங்கலாக்கி, அஜான் கையெழுத்திட்டுப் போனது. இடையில் லமாயின் படம் வரவில்லையே என்று பிரசெர்ட் வந்து கதவைத் தட்டி, அவள் சுட்ட பழத்தைத் தின்றுவிட்டுப் போனார். திங்கட்கிழமைப் படம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஆரஞ்சுக்கு நடுவில் ஒற்றை மஞ்சள்.

உடனே சங்வியனிடமிருந்து அழைப்பு வந்தது. சங்வியனும் லமாயும் ஆலையில் ஒரே தறியில் நின்றவர்கள். அவள் இப்போது நக்கோன் பத்தோமில் தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறையில் தனியாக இருந்தாள்.

"ஏண்டி, வியாழக்கெழமையில மஞ்சளப் போட்டிருக்க. மூள கழண்டுருச்சா?"

"நான் போடலடி. நிறுவனம் போட்டுச்சு."

"அவங்க எதுக்கு உன் பூவப் போடணும்? கல்யாணமா பண்ணிக்கிட்ட?"

"பெரிய கௌரவம்டி. பட்டயமெல்லாம் குடுத்திருக்காங்க."

"பட்டயத்த வச்சுக் காத்து வீசிக்க. இங்க பாரு, உன் படம் வரலன்னா நான் பஸ் ஏறி வந்து பாக்கணும். பஸ்ல நிக்க முடியல, முட்டி வலிக்குது. ஒழுங்காச் செத்துத் தொலை, இல்ல ஒழுங்காப் படம் போடு."

லமாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் மிண்டிடம் முறையிட்டாள். நிறுவனம் முறையீட்டை மிகவும் மதித்தது. மதித்ததுதான் வினையாகப் போயிற்று. லமாயின் படங்களை மட்டும் காப்பது போதாது, குழுவில் எல்லோருமே அவளைப் பார்த்துத்தான் படம் செய்கிறார்கள், ஆகவே இது 'லமாய் மரபு', மரபையே முழுசாகக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். கோழிக் குழம்பும் சேமியாவும் தாராளமாகப் போட்டார்கள். எல்லோர் கழுத்திலும் கலைஞர் என்று அட்டை தொங்கியது. சலோ அம்மாள் ஊன்றுகோலுக்கும் ஓர் அட்டை கேட்டு வாங்கிக்கொண்டாள். இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கைப்பேசியிலும் எதையோ ஏற்றினார்கள். மிண்ட் ஒலிபெருக்கியில் விளக்கினாள்.

"இனிமே நீங்க யாரும் காலையில கஷ்டப்பட வேண்டாம். நீங்க எந்தப் பூவ எடுப்பீங்க, எங்க ஒட்டுவீங்கன்னு இயந்திரம் கத்துக்கிச்சு. உங்க பேர்ல, உங்க கைவண்ணத்துல அதுவே அனுப்பும். நீங்களாப் போட்டா போலின்னு தூக்கிரும், அதனால தயவுசெஞ்சு தொட்றாதீங்க."

பிரசெர்ட் எழுந்தார். "நான் தூங்கிட்டிருந்தா?"

"அனுப்பும் மாமா."

"ஊருக்குப் போயிருந்தா?"

"அனுப்பும்."

"மண்டையப் போட்டுட்டா?"

கூடமே சிரித்தது. மிண்டும் சிரித்தாள். "நல்ல கேள்வி மாமா, எங்க நிறுவனக் குழுவுல வைக்கிறேன்" என்று குறித்துக்கொண்டாள்.

சங்வியன் மட்டும் கைப்பேசியைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் பூவ நான் போட்டுக்கறேன். கை என்ன அழுகியா போச்சு?" என்றாள். மிண்ட் லமாயைப் பார்த்தாள். எல்லோரும் லமாயைப் பார்த்தார்கள். தாய்க் கலைஞருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குடுடி, மானத்த வாங்காத. உன் முட்டிக்கும் நல்லதுதானே. இனிமே எம்படம் வரலன்னு நீ பஸ் ஏற வேண்டியதில்ல."

"நீ சொன்னாச் சரி" என்று சங்வியன் கொடுத்தாள். சம்மதம் என்ற பொத்தானை அவளுக்காக லமாயே அழுத்தினாள்.

அன்றிலிருந்து படங்கள் தவறாமல் வந்தன. கிழமைக்கேற்ற நிறம், பிக்குகள் வருவதற்கு முன்பே. பிரசெர்ட்டின் சேவல், சலோவின் அல்லி, சங்வியனின் செம்பருத்தி எல்லாம் அவரவர் போட்டதுபோலவே இருந்தன, சொல்லப்போனால் கொஞ்சம் நன்றாகவே இருந்தன. யாரும் யாரையும் அழைத்துப் பேச வேண்டிய தேவை வரவில்லை. யார் கதவையும் யாரும் தட்டவில்லை. லமாய்க்கு நடுநடுவே சங்வியனின் நினைவு வரும். கைப்பேசியைத் திறந்தால் செம்பருத்தி சிரிக்கும். சரி, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று வாழைப்பழத்தைத் திருப்பிப் போடுவாள். ஒரு வாரம் செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு மயில்கூட இருந்தது. பார்றா, கிழவிக்கு வந்த குஷியை என்று நினைத்துக்கொண்டாள்.

சங்வியனுக்கு அடுத்த அறைக்காரன்தான் பிரசெர்ட்டை அழைத்தான். பல நாளாக ஆளைக் காணோம், இப்போது வாடை தாங்க முடியவில்லை என்றான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிரசெர்ட் உடைத்துக்கொண்டு போனார். சங்வியன் கதவுப் பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தாள். படுக்கை அந்தக் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் அவள் தரையில் நகர்ந்து வந்திருக்கிறாள்.

"விழுந்ததும் உயிர் போகல" என்று மருத்துவமனையில் சொன்னார்கள். "ரெண்டு நாளாவது இருந்திருப்பாங்க. அப்ப யாராச்சும் பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏன், கூட யாரும் பேசறதில்லையா?"

பிரசெர்ட் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அன்று காலையிலும் செம்பருத்தி வந்திருந்தது. நோயற்று வாழ்க.

சாவுக்கு நிறுவனம் பெரிய மலர்வளையம் அனுப்பியது. இப்போதெல்லாம் மலருக்குப் பதில் மின்விசிறியில் வளையம் செய்வதுதான் வழக்கம், பிறகு கோயிலுக்குப் பயன்படும். விசிறியின் மேல் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், அஜானின் பெயர் அதைவிடப் பெரிதாகவும், 'கலைஞருக்கு இரங்கல்' என்பது அடியில் பொடியாகவும் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை, பிட்சைக்குக் கிளம்பும் முன், பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். எல்லோரும் கைகூப்பி உட்கார்ந்திருந்தபோது, அத்தனை பேர் மடியிலும் கைப்பேசி ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. சவப்பெட்டிக்குள் இருந்தவள் எல்லோருக்கும் நீலச் செம்பருத்தி அனுப்பியிருந்தாள். சலோ அம்மாள் வாய்விட்டு அலறினாள். லமாய்க்கு அழுகை வரவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அஜான் பூரிபட் இரங்கல் உரை ஆற்ற எழுந்தார்.

"ஒரு காலம் இருந்தது. கலைஞன் செத்தால் அவன் கை நின்றுவிடும். எவ்வளவு பெரிய நஷ்டம். நம் நிறுவனம் இன்று அந்தக் குறையை நீக்கிவிட்டது. சங்வியன் அம்மையார் உயிரோடு இருந்தபோது நாளுக்கு ஒரு படம் செய்தார், அதுவும் சில நாள் தாமதமாக. இறந்த பிறகு ஒருநாளும் தவறவில்லை. அவர் இறந்து பல நாள் அவருடைய நெருங்கிய தோழிகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

பின்வரிசையில் அலுவலகத்து ஆட்கள் கைதட்டத் தொடங்கி, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். மிண்ட் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததாகச் சொல்கிறார்கள். அழுதிருக்கலாம், ஆனால் மறுமாதம் அவளைத் துணை இயக்குநராக்கியபோது வேண்டாமென்று சொல்லவில்லை.

ஓதல் முடிந்ததும் லமாய் அஜானின் முன்னால் போய் நின்றாள். கும்பிட்டாள்.

"அஜான், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். அவ பேர்ல வர்றத மட்டும் நிறுத்திருங்க. எங்களுக்கு வேற எதுவும் வேணாம். பட்டயத்தக்கூடத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"உங்க துக்கம் எனக்குப் புரியுது பெரியம்மா. ஆனா அது நிரந்தரச் சேகரிப்புல சேந்துருச்சு. எடுக்கணும்னா விதிப்படி கலைஞரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவளா?"

"ஆமா, விதி அப்படித்தான் இருக்கு. நான் எழுதல, நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"அவ அந்தப் பெட்டியில கெடக்கறாளே அஜான்."

அஜான் பெட்டியைப் பார்த்தார். கொஞ்சம் யோசிக்கவும் செய்தார். "அப்ப அவங்க ஆட்சேபிக்கலன்னுதானே அர்த்தம்" என்றார். பிறகு அன்போடு அவள் தோளைத் தொட்டார். "வருத்தப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆனாலும் உங்க பூனை நிக்காது. நூறு வருஷம் ஓடும். அந்தக் கவல உங்களுக்கு வேண்டாம்."

குழு அத்தோடு சிதறிப்போயிற்று. பூவென்றாலே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சலோ அம்மாள் கைப்பேசியைக் கால்வாயில் எறிந்தாள். அவள் பெயரில் அல்லி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒரு குழு தொடங்கலாம் என்று பிரசெர்ட் முயன்று பார்த்தார். ஒப்பந்தத்தை மீறுவதாக நிறுவனத்திலிருந்து முத்திரை வைத்த கடிதம் வந்தது. முத்திரையைப் பார்த்தால் ஆலைத் தொழிலாளி பின்வாங்கிவிடுவான், அது இன்று நேற்றல்ல. லமாய் சில நாள் காலையில் ஒவ்வொருவரையும் அழைத்துப் பார்த்தாள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் தூங்குகிறார்களா, கோபமா, வேறேதாவதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர்களுடைய படங்கள் மட்டும் அழகாக வந்தன. அவளுடையதும் போய்க்கொண்டிருந்தது, அவள் கண் விழிப்பதற்கு முன்பே, கோப்பைக்குள் இரண்டு பூனைக்குட்டிகளோடு.

லமாய் இப்போது படுக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. சந்துக்காரர்கள் திட்டுகிறார்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது, திருடன் வருவான் என்கிறார்கள். வரட்டும் என்கிறாள். திருடனாக இருந்தாலும் யாராவது ஒரு ஆள் உள்ளே வந்து பார்க்கட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறாள்.